பைக் வடிவமைக்கும் பொறியாளர்களே, என் கை வலிக்குக் காரணம் உங்கள் சீட்

மோட்டார் சைக்கிள்களை வடிவமைக்கும் எல்லோருக்கும்,

வணக்கம். இது எந்தக் கம்பெனிக்கு என்று பிரிக்கவில்லை, எல்லோருக்கும் சேர்த்துத்தான். எத்தனை சிசி, எவ்வளவு பவர், டேங்க் எத்தனை லிட்டர் என்று எல்லாவற்றையும் விளம்பரத் தாளில் அச்சடித்துத் தருகிறீர்கள். ஓட்டுகிறவன் உடம்புக்கென்று அதில் இருப்பது ஒரே ஒரு எண், சீட் உயரம். அதையும் நம்ப முடியாது. 800 மி.மீ. உயரமுள்ள சீட் முன்பக்கம் ஒல்லியாக இருந்தால் பாதம் முழுக்கத் தரையில் பதியும், 780 என்று போட்டிருந்தாலும் முன்பக்கம் அகலமென்றால் தொடை விரிந்து குதிகால் அந்தரத்தில் நிற்கும்.

என் கதையைச் சொல்கிறேன். ஷோரூமில் உட்கார்ந்தபோது சீட் மெத்தை மாதிரி அமுங்கியது, மயங்கி வாங்கிவிட்டேன். ஒரு மணி நேரம் ஓட்டினால் உள்ளங்கை எரியும், அப்புறம் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போகும். ஹேண்டில்பார் தாழ்வாக இருக்கிறது, அதை உயர்த்த அடியில் வைக்கும் ரைசர் என்ற துண்டைப் போடு என்றார்கள். 30 மி.மீ. ரைசர் போட்டேன். கை கொஞ்சம் தேறியது. ஆனால் ஒரு யூ டர்னில் ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பியபோது, ஆக்ஸிலரேட்டரை நான் தொடாமலே எஞ்சின் உறுமியது. பார் உயர்ந்ததில் கேபிளுக்கு நீளம் போதவில்லை, திருப்பும்போது இழுபடுகிறது! (பாரை மாற்றுகிறவர்கள் வண்டியை நிறுத்தி வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். கேபிள், பிரேக் ஹோஸ், வயர் எதுவும் விறைக்கக் கூடாது, கை டேங்கில் இடிக்கவும் கூடாது.)

கேபிளைச் சரிசெய்து ஓட்டினால் அடுத்த வலி வால் எலும்பில். நிமிர்ந்து உட்கார்ந்ததும் அதுவரை கை தாங்கிய பாரமும் பின்பக்கத்தில் இறங்கிவிட்டது. அங்கே இருந்ததோ அந்த மெத்தை. நாம் உட்காருவது இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்புகளின் மேல். நுரை இளசாக இருந்தால் அவை கொஞ்ச நேரத்திலேயே புதைந்து அடிப்பலகை வரை போய்விடும், பிறகு தாங்க வேண்டாத இடமெல்லாம் பாரத்தைத் தாங்கும். கடைசியில் சீட் தைக்கிற ஒருவர்தான் வண்டியைப் பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டு, சீட் டேங்கை நோக்கிச் சரிகிறதே என்றார். அதுதான் விஷயம். ஒவ்வொரு பிரேக்குக்கும் நான் முன்னால் வழுக்கியிருக்கிறேன், வழுக்காமலிருக்கக் கையை ஊன்றியிருக்கிறேன், கை மரத்தது அதனால். குற்றவாளி சீட், தண்டனை ஹேண்டில்பாருக்கு!

சரிவைச் சமன்செய்து, கெட்டி நுரையில் வேறு சீட் போட்டேன். ரைசரைக் கழற்றிவிட்டேன், அது தேவையே படவில்லை. கிளட்ச், பிரேக் லீவர்கள் முன்கையின் நேர்கோட்டில் வரும்படி சற்றுக் கீழே திருப்பினேன், கிளாம்பைத் தளர்த்தினால் இரண்டு நிமிட வேலை. டெலிவரி கொடுக்கும்போது இதை ஏன் யாரும் செய்து தருவதில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நீங்கள் சொல்லப்போகும் பதில் தெரியும், ஆளாளுக்கு உடம்பு வேறு, எல்லோருக்கும் பொருந்தும்படி செய்ய முடியாது. சரி, அளவையாவது சொல்லலாமே. சீட்டில் உட்காரும் இடத்திலிருந்து ஹேண்டில்பார் கைப்பிடி எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், ஃபுட்ரெஸ்ட் எவ்வளவு கீழே, எவ்வளவு பின்னால், இவ்வளவுதான் கேட்கிறேன். சைக்கிள் ஃபிரேமுக்கே ஸ்டாக் (பெடல் அச்சிலிருந்து ஃபிரேமின் முன்பக்க உச்சி எவ்வளவு உயரம்), ரீச் (அது எவ்வளவு முன்னால்) என்று அளவு தருகிறார்கள். இந்த அளவுகள் கையில் இருந்தால், சீட்டைத் தாழ்த்தினால் முழங்கால் கூடுதலாக மடங்கும் என்பதும், பாரை உயர்த்தினால் பாரம் பின்னால் போகும் என்பதும் வாங்குவதற்கு முன்பே கணக்கில் வந்துவிடும். மாற்று ஹேண்டில்பார் விற்கும்போது 22 மி.மீ. குழாயா 28.6 மி.மீ. குழாயா என்று மட்டும் போடாமல், அகலம், உயரம், ஓட்டுபவர் பக்கம் எவ்வளவு வளைந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். குழாயின் பருமன் கிளாம்பில் உட்காருமா என்பதைத்தான் சொல்லும், என் தோளுக்கு ஒத்துவருமா என்று சொல்லாது.

முடியாத காரியமும் இல்லை. 2015 மாடலாக வந்த கவாசாகி வல்கன் எஸ் பைக்கில் ஃபுட்ரெஸ்டை மூன்று இடங்களில் வைக்கலாம், ஆளுக்கேற்ற சீட்டும் ஹேண்டில்பாரும் தேர்ந்துகொள்ளலாம். பிஎம்டபிள்யூ ஆர் 1200 ஜிஎஸ் வண்டியின் சீட்டை 850, 870 மி.மீ. என இரண்டு உயரங்களில் மாட்டலாம். சின்ன வண்டி ஓட்டுகிறவனுக்கும் முதுகு இருக்கிறது என்பதைத்தான் நினைவுபடுத்துகிறேன்.

வண்டியோடு வந்த பழைய சீட் பரணில் கிடக்கிறது, ஒரு தையல்கூடப் பிரியவில்லை. வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன். உங்கள் மீட்டிங் அறையில் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

இப்படிக்கு,
கை மரத்துப்போன ஒரு வாடிக்கையாளன்