அந்த பைக் கடன் நான் வாங்கியதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் வீட்டுக்கடன் பற்றி நீங்கள் போட்ட கட்டுரையில், சிபில் ஸ்கோர் (வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) நன்றாக இருந்தால் வட்டி குறையும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காக ஏழு வாரம் அலைந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

மாடி எடுக்கக் கடன் கேட்டுப் போயிருந்தேன். மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 2021-ல் ஒரு பைக் கடன், தவணை நின்றுபோய், பக்கத்தில் 'ரிட்டன் ஆஃப்', அதாவது வாராக்கடன் என்று தள்ளிவைத்தது, என்று இருந்தது. சார், எனக்கு பைக்கே ஓட்டத் தெரியாது என்றேன், சிரித்தார். சரி என்று வீட்டுக்கு வந்து என் முழு சிபில் அறிக்கையை இறக்கிப் பார்த்தேன். முகவரிப் பகுதியில் நான் கால் வைத்தே இராத ஒரு ஊர், யாருடையதோ ஒரு செல்போன் நம்பர்.

எப்படி என்று பிறகுதான் புரிந்தது. எங்கள் பக்கம் செந்தில்குமார் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள், அவர்களில் நானும் ஒருவன். இனிஷியலை ஒரு இடத்தில் முன்னால் போடுகிறோம், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் வருகிறது. பிறந்த தேதியோ, என் வயதுக்காரர்கள் பலருக்கும் பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் வைத்ததுதான், மே, ஜூனிலேயே ஊரே பிறந்திருக்கும்! அந்த பைக் கடன் விண்ணப்பத்தில் பான் எண்ணே இல்லையாம். பெயரும் தேதியும் பொருந்தியதால் என் தலையில் ஏறிவிட்டது. (என் ஒழுங்கான நகைக்கடன் அந்த இன்னொரு செந்தில்குமாரின் கணக்கில் போய் உட்கார்ந்து அவருக்கு ஸ்கோர் ஏற்றிக்கொண்டிருக்கிறதோ என்னவோ.)

கடன் கொடுத்த நிதி நிறுவனத்துக்குப் போன் போட்டால், "சின்னத் தொகைதான் சார், கட்டி செட்டில் பண்ணிடுங்க, பிரச்சினை முடிஞ்சிடும்" என்றார்கள். தயவுசெய்து யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். கட்டினால் அது நம் கடன் என்று நாமே ஒத்துக்கொண்டது போல ஆகும், அதோடு தொகையைக் குறைத்துக் கட்டி முடித்தால் அறிக்கையில் 'க்ளோஸ்டு' என்று வராது, 'செட்டில்ட்' என்றுதான் வரும், முழுசாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்தவன் என்று அதற்கு அர்த்தம்.

அறிக்கையிலேயே ஆட்சேபம் தெரிவிக்க வழி இருக்கிறது, காசு கிடையாது. ஆனால் சிபில்காரர்கள் தாங்களாகவே எதையும் திருத்த மாட்டார்கள், கடன் கொடுத்தவர் தப்பு என்று ஒத்துக்கொண்டால்தான் திருத்துவார்கள். அங்கேதான் இழுக்கிறது. கையெழுத்து மாதிரி கொடுங்கள், ஆதார் கொடுங்கள், கிளையில் கேளுங்கள், தலைமை அலுவலகத்தில் கேளுங்கள் என்று என்னைச் சுற்றவிட்டு 48-வது நாள்தான் நீக்கினார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு, 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த 30 நாளில் கடன் கொடுத்தவருக்கு 21 நாள்தான், அதற்குள் அவர் பதில் அனுப்பியாக வேண்டும். என் கணக்கில் 18 நாள், 1800 ரூபாய். யாரும் தானாகச் சொல்லவில்லை. நான் எழுதிக் கேட்ட பிறகு "பரிசீலிக்கிறோம்" என்று ஒரு மெயில் வந்தது, அவ்வளவுதான். அடுத்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம்தான் போகப் போகிறேன், சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் மீதும் அங்கே புகார் கொடுக்கலாம்.

அப்புறம், சிபில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று இருக்கின்றன, நாலு பேரும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். பணம் கட்டச் சொல்லும் பக்கம்தான் முதலில் கண்ணில் படும், இலவசம் எங்கேயோ ஓரத்தில் கிடக்கும், தேடுங்கள். நாமே பார்த்தால் ஸ்கோர் குறையும் என்று என் மைத்துனர் பயமுறுத்தினார், அப்படி எதுவும் கிடையாது. கடன் கேட்டு வங்கி பார்க்கும்போதுதான் அது விசாரணையாகப் பதிவாகும்.

அடுத்த முறை வீட்டுக்கடன் கட்டுரை போடும்போது இந்த 100 ரூபாய் விஷயத்தையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். என் மாடி வேலை இன்னும் தூண் மட்டத்திலேயே நிற்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கரூர் மாவட்டம்