பேனாவும் பென்சிலும் சொந்தம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் மொழிப் பகுதியில், ஆங்கிலத்தில் 'பென்' என்ற சொல்லிலிருந்துதான் 'பென்சில்' பிறந்தது, அதற்குச் சின்னப் பேனா என்று பொருள் என்று போட்டிருந்தீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை. அந்த இரண்டு சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

'பென்' வந்தது லத்தீன் 'பென்னா'விலிருந்து. இறகு என்று அர்த்தம். இறகைச் சீவி மையில் தொட்டு எழுதிய காலத்துச் சொல். நாமே இன்னும் பேனாக்கத்தி என்கிறோமே, பேனாவுக்குக் கத்தி எதற்கு? இறகின் முனையைச் சீவத்தான். இறகு போய், நிப் வந்து, பால்பாயிண்டும் வந்தாச்சு, கத்தியின் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. (ஆடுமாடு அடைக்கும் பட்டிக்கும் ஆங்கிலத்தில் 'பென்' என்றுதான் பெயர், ஆனால் அது வேறு வழியில் வந்த சொல்.)

பென்சில் கதையே வேறு. லத்தீன் 'பெனிசில்லஸ்' என்றால் சின்ன வால், அதாவது வால் நுனி மாதிரி மயிர் கட்டிய தூரிகை. ஆங்கிலத்திலும் முதலில் ஓவியரின் தூரிகையைத்தான் பென்சில் என்றார்கள், ஸ்பானிய மொழியில் 'பின்செல்' இன்றைக்கும் தூரிகைதான். 1560களில் இங்கிலாந்தின் பாரோடேலில் கிராஃபைட் கிடைத்து, அதைக் குச்சியாக அறுத்து எழுதத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பெயர் அதன்மேல் வந்து ஒட்டிக்கொண்டது. அதையும் ஈயம் என்று நினைத்து 'லெட்' என்று அழைத்தார்கள், உள்ளே இருப்பது கார்பன்.

பென்சிலுக்கு உண்மையான சொந்தம் யார் தெரியுமா? பெனிசிலின்! 1928இல் ஃபிளெமிங் அந்த மருந்தைக் கண்டறிந்த பூஞ்சை, நுண்ணோக்கியில் குட்டித் தூரிகை மாதிரி தெரியும், அதனால்தான் அதற்குப் பெனிசிலியம் என்று பெயர்.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். ஒருவர் கட்டுரையை 'பென்' செய்தார் என்றால் எழுதி முடித்துவிட்டார். கூட்டத்துக்கு ஒரு தேதியை 'பென்சில் இன்' செய்தார் என்றால், இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறார், நாளைக்கே மாறலாம். இது தெரியாமல் அந்தத் தேதியை உறுதி என்று நம்பிப் போய் நிற்பவர்கள் உண்டு.

பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர்கள் உங்கள் பகுதியைப் படித்துவிட்டு அப்படியே வகுப்பில் சொல்கிறார்கள். அதனால் அடுத்த இதழில், அதே பக்கத்தில், கண்ணில் படும்படி ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்