சிலையின் முதுகும் தெரியட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில், தோண்டியெடுத்த பொருள்களை வெறும் கால வரிசையில் அடுக்கிவிடவில்லை. வேளாண்மை, நெசவு, மட்கலம், கடல் வணிகம் என்று மக்களின் வாழ்வை ஒட்டிக் கூடங்களைப் பிரித்திருக்கிறார்கள். ஒரு சிறு தக்களிகூட அங்கே நூல் நூற்ற கையை நினைவூட்டுகிறது. இந்த அக்கறை மாவட்ட அருங்காட்சியகங்கள் எல்லாவற்றுக்கும் வர வேண்டும்.

முக்கியமாகச் செப்புத்திருமேனிகளுக்கு. வீதியுலாவுக்கென வார்க்கப்பட்ட உற்சவ மூர்த்திகள் அவை. சோழர் காலச் சிற்பிகள் பின்புறத்திலும் கூந்தலை, தலையின் பின்னுள்ள சக்கர வடிவ அணியான சிரசக்கரத்தை, இடையணியை எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள்! சுவரோடு ஒட்டிய கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் பாதிச் சிற்பம் கண்ணுக்கே எட்டாது. பெட்டியைக் கூடத்தின் நடுவே வைத்து, சுற்றி நடக்க வழி விடுங்கள்.

விளக்கொளியிலும் கவனம் தேவை. ஓலைச்சுவடிக்கும் பழந்துணிக்கும் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் கூடாது என்பார்கள். கல்லுக்கும் உலோகத்துக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பக்கவாட்டில் ஒளி விழுந்தால்தான் சிலையின் முகவளைவு தெரியும்.

‘வெண்கலம், 11ஆம் நூற்றாண்டு’ என்று முடித்துக்கொள்ளாமல், எந்த ஊரில் கிடைத்தது, எந்த வழிபாட்டுக்கு உரியது என நான்கு வரியாவது எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகளும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் படிக்கும் உயரத்தில் அது இருக்கட்டும். முதியவர்கள் உட்கார்ந்து பார்க்கக் கூடத்துக்கு இரண்டு பெஞ்சாவது போடுங்கள். அடுத்த சீரமைப்புத் திட்டத்திலேயே அரசு இவற்றைச் சேர்க்க வேண்டும்.

– ஒரு வாசகர், மதுரை