தென்னை மூட்டில் வந்த பாம்பு

நாகர்கோவில்,
ஞாயிறு இரவு

மக்கா சேவியர்,

ஆறு மாதமாக எழுதவில்லை, உனக்குக் கோபம் இருக்கும். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மகள் பிளஸ் டூ. மழை நன்றாகப் பெய்து குளமெல்லாம் நிரம்பிக் கிடக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

போன வாரம் சனிக்கிழமை விளையில் தென்னைக்கு உரம் போட மரத்து மூட்டில், அடியைச் சுற்றி வட்டமாகத் தடம் எடுத்தோம். மம்பட்டியோடு ஒரு சின்னப் பாம்பு மேலே வந்தது. ஒரு சாண் நீளம் இருந்தால் அதிகம். "செவிப்பாம்பு, காதுக்குள்ள போயிரும்" என்று பொன்னையா அண்ணன் இன்னொரு வெட்டும் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வெயில் பட்டதும் செதிலில் நீலமும் பச்சையுமாக ஒரு மினுக்கம் ஓடியது, அப்போது பிடித்த அயிலை மீன் முதுகில் ஓடுமே, அதுபோல. பார்த்துவிட்டு, மட்டையால் குழிக்குள் தள்ளி மண்ணைப் போட்டு மூடினேன்.

திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் புதிய கண்டுபிடிப்புகள் பற்றிப் பேச வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு வானம் என்றால் போதும். 2025 ஜூலை 1 அன்று சிலியில் உள்ள தொலைநோக்கியில் சிக்கிய '3I/அட்லஸ்' என்ற வால்மீனைச் சொன்னேன். 2017இல் ஒமுவாமுவா, 2019இல் போரிசோவ், அதற்கப்புறம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த மூன்றாவது விருந்தாளி. அதே வருஷம் மார்ச்சில் சனிக்கு ஒரேயடியாக 128 நிலா கூடி மொத்தம் 274 ஆனதைச் சொன்னதும் வகுப்பே கைதட்டியது. கடைசி பெஞ்சு ஷாலினி எழுந்தாள். "சார், நம்ம ஊர்ல புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கலியா?" எனக்கு வாயில் பதில் வரவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். மக்கா, 2021இல்தான் அறிவியலுக்கே தெரியவந்த ஒரு பாம்பு, சைலோஃபிஸ் தீபக்கி. அது முதலில் கண்ணில் பட்டது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில், ஒரு தென்னந்தோப்பில்! சூர்யா நாராயணனும் கூட ஆய்வு செய்தவர்களும் விவரித்து, ஊர்வன ஆய்வாளர் தீபக் வீரப்பனின் பெயரை வைத்திருக்கிறார்கள். நீளம் சுமார் 20 செ.மீ. மினுங்கும் செதில். மண்ணுக்குள் வாழும், விஷம் கிடையாது. இந்தக் குடும்பத்தின் மற்ற சொந்தமெல்லாம் தென்கிழக்கு ஆசியாப் பக்கம் இருக்க, இந்த சைலோஃபிஸ் வகைப் பாம்புகள் மட்டும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்கில். எந்தக் காலத்தில் பிரிந்து வந்து நம்ம விளையில் குடியேறியதோ!

படிக்கப் படிக்க எனக்குக் கை நடுங்கியது. விலங்கியல் படித்தவன் நான். முதுகுச் செதில் வரிசையை எண்ண வைத்து மீசை சார் நம்மை ராத்திரி எட்டு மணிவரை நிறுத்தியது மறந்தா போச்சு? விடிந்ததும் ஓடிப்போய்க் குழியைத் தோண்டினேன். எறும்பு தின்று தீர்த்திருந்தது. அது அந்தப் பாம்புதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

பொன்னையா அண்ணனிடம் போனில் படத்தைக் காட்டினேன். கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "சார், இதுமாதிரி எத்தனைய வெட்டிப் போட்டிருப்பேன்" என்றார். அப்புறம் அன்று முழுக்க அவர் பேசவில்லை.

ஷாலினிக்குப் பதில் சொல்லிவிட்டேன். இப்போது நாலு பிள்ளைகள் வீட்டு விளையில் தடம் எடுக்கும்போது காவல் நிற்கிறார்கள். கையால் தொடக்கூடாது, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, மண்ணைத் தள்ளி விட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

குலசேகரத்தில் உன் தம்பியின் விளையிலும் ஆட்களிடம் இதைச் சொல்லச் சொல்லு. நீ தீபாவளிக்கு வரும்போது உன் பழைய கைலென்ஸை மறக்காமல் எடுத்து வா. என்னுடையது கீறல் விழுந்து கிடக்கிறது.

உன்
ராஜன்