பழைய ஃபைல்களைக் கட்டிலில் விரித்த டாக்டருக்கும், வார்டில் எல்லோருக்கும்

வணக்கம்.

அம்மாவின் கழுத்துத் தையல் நன்றாக ஆறிவிட்டது. நேற்று மாடிப்படி ஏறி, துணியைத் தானே காயப்போட்டார். இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரவுப் பணியில் இருந்த பிஜி (மேற்படிப்பு படிக்கும்) டாக்டருக்குத்தான் முதல் நன்றி. வயிற்றுவலி, வாந்தி என்று அம்மாவைச் சேர்த்திருந்தோம். அதற்கு முன்பே இரண்டு முறை சிறுநீரகக் கல் எடுத்தாயிற்று. லேசாகச் சறுக்கியதற்கே மணிக்கட்டு முறிந்திருந்தது. கல்லுக்கு ஒரு டாக்டர், எலும்புக்கு ஒரு டாக்டர். சோர்வுக்கும் மறதிக்கும் 'வயசாகுதில்ல' என்ற பதில்தான். நீங்கள் எங்கள் மஞ்சப்பையில் இருந்த ஃபைல்களையெல்லாம் கட்டிலில் விரித்து, "ராத்திரி எத்தனை தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திருக்கீங்கம்மா? மலச்சிக்கல் இருக்கா?" என்று கேட்டீர்கள். அப்புறம் கால்சியம் பார்க்கச் சொன்னீர்கள். 12.6 வந்தது, சுமார் 10.5-க்குள் இருக்க வேண்டியது. மூட்டுவலிக்கு நல்லதென்று நான் கடையில் வாங்கிக் கொடுத்த கால்சியம் மாத்திரையை அன்றே நிறுத்தினீர்கள்.

ரத்தத்தில் கால்சியம் ஏறினால், பாராதைராய்டு சுரக்கும் பிடிஎச் ஹார்மோன் இறங்க வேண்டுமாம். அம்மாவுக்கு அதுவும் ஏறியிருந்தது. தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகளில் ஒன்று கட்டியாகி, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொண்டே இருந்திருக்கிறது. கல், முறிவு, மறதி, எல்லாம் அந்த ஒன்றின் வேலை. புற்றுநோய்க் கட்டி இல்லை என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அப்பா சாப்பிட்டார்.

கட்டியை எடுத்த பத்தாவது நிமிடமே ரத்தம் எடுத்து, பிடிஎச் பாதிக்கும் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகே தையல் போட்ட சர்ஜனுக்கும் குழுவுக்கும் நன்றி.

இரண்டாம் இரவு டியூட்டி சிஸ்டருக்கு எப்படி நன்றி சொல்வது? "உதடு மரத்துப்போகுதாம்மா? விரல் நுனி குத்துதா?" என்று மணிக்கொரு தரம் கேட்டீர்கள். அம்மா தலையாட்டியதும் ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்தீர்கள். கால்சியம் சொட்டுச்சொட்டாக ஏறி முடியும்வரை மானிட்டரை விட்டு நகரவில்லை. பட்டினி கிடந்த எலும்பு இப்போது கால்சியத்தை இழுத்துக்கொள்கிறது, அதனால்தான் ரத்தத்தில் குறைந்து உதடு மரத்துப்போகிறது என்று எனக்குப் புரியவைத்ததும் நீங்கள்தான்.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் யாருக்காவது திரும்பத் திரும்பக் கல் வந்தால், டாக்டரிடம் கேட்டுக் கால்சியம் அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வருகிறோம். வார்டைச் சுத்தம் செய்யும் அக்காவுக்கும் சேர்த்து அம்மா முறுக்கு சுடப்போகிறாராம்.

அன்புடன்,
17-ஆம் கட்டில் அம்மாவின் மகள்