செல் என்பது அசையாப் படம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேல்நிலை வகுப்புகளிலும் கல்லூரி முதலாண்டிலும் பல ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மைட்டோகாண்ட்ரியாவை ‘செல்லின் ஆற்றல் நிலையம்’ என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கும் மாணவர்கள், அங்கே ஆக்சிஜன் எதற்கு என்று கேட்டால் விழிக்கிறார்கள். பெயர் குறித்த படமாகவே செல்லை அறிந்திருப்பதுதான் காரணம்.

குளத்து நீர்ச்செடியான வேலம்பாசியின் இளம் இலையை ஒரு சொட்டு நீரில் வைத்து 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், ஒளிச்சேர்க்கை நடத்தும் பச்சை உறுப்புகளான பசுங்கணிகங்கள் செல் சுவரை ஒட்டி வரிசையாக ஊர்வது சற்று நேரத்தில் தெரியும். ஓர் ஓரத்தில் உப்புக் கரைசலைச் சொட்டி, மறு ஓரத்தில் வடிதாளால் நீரை உறிஞ்சினால், செல்லின் உள்ளடக்கம் சுவரைவிட்டு விலகிச் சுருங்கும். சவ்வின் வழியே செறிவு மிகுந்த கரைசலை நோக்கி நீர் நகரும் சவ்வூடு பரவலுக்கு இதைவிட நல்ல பாடம் நான் கண்டதில்லை. “சார், உசிரோட இருக்கு!” என்று ஒரு மாணவி கூவியது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. 1665இல் ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் தக்கையில் கண்டவை இறந்த செல்களின் வெற்றுச் சுவர்களே. நம் பிள்ளைகளும் அவ்வளவோடு நின்றுவிடக் கூடாது.

செய்முறைத் தேர்வு நெருங்கும்போது மட்டும் ஆய்வகத்தைத் திறக்கும் வழக்கத்தைப் பள்ளிகள் கைவிட்டு, வாரம் ஒரு பாடவேளையை நுண்ணோக்கிக்கு ஒதுக்குமாறு கல்வித் துறை ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
மதுரை.