இலையுதிர்கால இலைகளும் விடுமுறைக் கைவேலையும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். டிசம்பர் விடுமுறைக்கு முந்திய இரண்டு சனிக்கிழமைகளிலும் நம் பிள்ளைகள் வாழ்த்து மடலும் ஒட்டுப்புத்தகமும் செய்யவிருக்கிறார்கள். மடல்கள் நத்தாருக்கும் பொங்கலுக்கும். ஒட்டுப்புத்தகங்களை ஜனவரியில், தமிழ் மரபுத் திங்களின்போது வகுப்பறையில் காட்சிக்கு வைப்போம். இரண்டுக்கும் காய்ந்த இலைகள் வேண்டும். டிசம்பரில் ரொறன்ரோ மரங்களில் இலை இருக்காது, நிலத்தில் கிடப்பதும் ஊறிக் கறுத்திருக்கும். அதனால் இந்த வேலையின் முதற்பாதியை ஒக்டோபர் நடுப்பகுதியிலேயே வீட்டில் தொடங்கவேண்டியிருக்கிறது. பிள்ளைக்குப் பன்னிரண்டு இலைகள் போதும். ஒட்டும்போது உடைபடுவதையும் சேர்த்தே இந்தக் கணக்கு.

மழை பெய்யாத நாளில், பனி உலர்ந்த பிறகு, பிற்பகலில் பொறுக்குங்கள். விழுந்து ஓரிரு நாளுக்குள் உள்ள, இன்னும் வளையக்கூடிய இலைதான் நல்லது. ஏற்கெனவே மொறுமொறுப்பானது அழுத்தினால் நொறுங்கும். மடலின் முகப்பு ஐந்தரை அங்குல அகலம் என்பதால் நான்கு அங்குலத்தைத் தாண்டாத இலைகளாகப் பாருங்கள். தெருவோரங்களில் நிறைய நிற்கும் நோர்வே மேப்பிளின் மஞ்சள் இலையில் தார் சொட்டியதுபோலக் கரும்புள்ளிகள் இருக்கும். அது ஒரு பூஞ்சணம். மரத்துக்குப் பெரிய கேடில்லை, ஆனால் அந்த இடம் தடித்து நிற்பதால் இலை தாளில் சமமாகப் படியாது. சுகர் மேப்பிள், பேர்ச், கிங்கோ மூன்றும் எளிதில் படியும். செந்நிற ஓக் இலை தடிப்பானது, காய இரண்டு வாரம் எடுக்கும். சுமாக்கின் சிவப்பு இலை பறித்த சற்று நேரத்திலேயே சுருண்டுவிடும், ஆகவே ஒரு பழைய புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே அதனுள் வைத்துவிடுங்கள். மாகாணப் பூங்காக்களிலும் தேசியப் பூங்காக்களிலும் இலை எடுக்க அனுமதியில்லை. வீட்டு முற்றமும் நடைபாதையும் போதும்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டிக்கொடுங்கள். பள்ளத்தாக்குப் பாதைகளின் ஓரத்தில் பொய்சன் ஐவி வளர்கிறது. இலையுதிர்காலத்தில் அதுவும் அழகாகச் சிவக்கும், பிள்ளைகளின் கை அதற்குத்தான் முதலில் போகும். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள், நடுச் சிற்றிலையின் காம்பு மற்ற இரண்டையும்விட நீளம். அதிலுள்ள எண்ணெய்தான் தோலை அரித்துக் கொப்புளமாக்குகிறது, இலை காய்ந்தாலும் அது போகாது. மா, கஜு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி அது; மாம்பால் பட்டு வாய் வெந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. மூன்று சிற்றிலைகள் கொண்ட எதையும் தொடாமல் விடுவதே சுலபமான விதி.

இனி அழுத்துதல். கொண்டுவந்ததும் இலைகளைத் துணியால் ஒற்றித் துடையுங்கள். காம்பை அடியோடு நறுக்கிவிடுங்கள், அதன் தடிப்புத்தான் பக்கத்து இலைப்பகுதியை அழுந்தவிடாமல் சுருங்கச் செய்கிறது. இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் இலைகளை ஒன்றையொன்று தொடாதபடி பரப்பி, மேலும் கீழும் நான்கைந்து பக்கம் செய்தித்தாள் வைத்து, அதன்மேல் கனமான புத்தகங்களை அடுக்குங்கள். பளபளப்பான சஞ்சிகைத் தாள் ஈரத்தை உறிஞ்சாது. சமையலறைக் கடுதாசித் துண்டில் உள்ள புள்ளிக்கோலம் இலையில் அப்படியே பதிந்துவிடும்.

பலரும் தவறவிடுவது தாள் மாற்றுவதைத்தான். முதல் நாளிலேயே இலை தன் ஈரத்தில் பெரும்பங்கைச் செய்தித்தாளுக்குக் கொடுத்துவிடுகிறது. ஈரமான தாளை அப்படியே விட்டால் இலை மெதுவாகக் காயும், மெதுவாகக் காயும் இலை பழுப்பாகும், சிலவேளை பூசணமும் பிடிக்கும். மஞ்சளும் செம்மஞ்சளும் இதைக் கொஞ்சம் தாங்கும். சிவப்பு நிறமி நீரில் கரைவது, அதுதான் முதலில் கெடும். எனவே மறுநாள் ஒரு முறை, மூன்றாம் நாள் இன்னொரு முறை செய்தித்தாளை மாற்றுங்கள். மெல்லிய இலை ஏழு முதல் பத்து நாளில் தயார். கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: குளிர்ச்சியாகத் தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஓரத்தில் பிடித்துத் தூக்கினால் தொங்காமல் நேராக நிற்கவேண்டும்.

அவசரத்துக்கு அயன் பெட்டி உதவும். நீராவியை நிறுத்தி, குறைந்த சூட்டில், வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்துப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி, திருப்பி, ஆறவிட்டு, மறுபடியும் அழுத்துங்கள். மைக்ரோவேவில் காயவைக்கும் முறையும் உண்டு. ஆனால் சில விநாடி கூடினாலே இலை கருகித் தீப்பிடிக்கும். பிள்ளைகள் செய்யும் வேலைக்கு அதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம்.

மெழுகுத்தாளுக்குள் வைத்து அயன் பண்ணிய இலைகளைச் சிலர் அனுப்பக்கூடும், அல்லது ஒரு பங்கு கிளிசரினும் இரண்டு பங்கு நீரும் கலந்து ஊறவைத்தவற்றை. பார்க்க அழகுதான், கிளிசரின் இலை மாதக்கணக்கில் துணிபோல வளையும், சன்னலில் தோரணம் கட்ட அதைவிட நல்லது இல்லை. மடலுக்கு இரண்டும் ஒத்துவராது. மெழுகின்மேல் பசை பிடிக்காது, கிளிசரின் தாளில் எண்ணெய்க்கறைபோலப் படரும். அப்படிச் செய்தவற்றைத் தனி உறையில், மேலே எழுதி அனுப்பினால் வகுப்பறைச் சன்னலுக்குப் பயன்படுத்துவோம். மெழுகுத்தாள் என்று நினைத்து பேக்கிங் செய்யும் பார்ச்மென்ட் தாளை வாங்கிவிடாதீர்கள், அதில் மெழுகே இல்லை.

ஒட்டும் வேலை வகுப்பில் நடக்கும். வீட்டிலும் முயல விரும்பினால், வெள்ளைப் பசையை இலையின் பின்புறத்தில் நடுநரம்பிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்லிய தூரிகையால் பூசுங்கள். பசை அதிகமானால் மடல் வளையும். குச்சிப்பசை இலையைக் கிழிக்கும். ஒட்டியதும் மேலே மெழுகுத்தாள் ஒன்றைப் போட்டு ஒரு மணிநேரம் புத்தகத்துக்கு அடியில் வையுங்கள். அதன்பிறகு மூன்று பங்கு பசைக்கு ஒரு பங்கு நீர் கலந்து மேற்புறத்தில் ஒரே ஒரு பூச்சு. இலை முழுதாகக் காயாதிருந்தால் சிவப்பு இந்தக் கட்டத்தில் கசிந்து தாளில் இறங்கும். லமினேற் செய்வதும் இப்படித்தான்: ஈர இலையைச் சூட்டில் கொடுத்தால் குமிழி வந்து பழுப்பாகிவிடும்.

ஒட்டுப்புத்தகத்தில் இலையைப் படத்தின்மேல் நேரடியாக ஒட்டவேண்டாம். இலையின் துவர்ப்பொருள் காலப்போக்கில் படத்தில் கறையாகும். அமிலமற்ற தாளில் இலையை ஒட்டி, எதிர்ப்பக்கத்தில் படத்தை பொலிபுரொப்பிலீன் உறைக்குள் வைப்போம். பழைய குடும்பப் படங்களின் மூலப்பிரதியைத் தராமல் நகல் ஒன்றை அனுப்புங்கள். சின்னஞ்சிறு பூச்சிகள் புத்தகத்தோடு வராமலிருக்க, காய்ந்த இலைகளைக் காற்றுப் புகாத பையில் மூடி ஒரு வாரம் ஃபிரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடவேண்டும், இல்லையேல் இலையின்மேல் நீர் படியும். முடிந்த மடலையும் புத்தகத்தையும் வெயில் படாத இடத்தில் வைத்தால் நிறம் கூடிய நாள் நிற்கும். ஆனாலும் சிவப்பு ஒரு கட்டத்தில் மங்கத்தான் செய்யும் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மடலைத் தபாலில் அனுப்புவோர் கவனிக்க: கனடாவுக்குள் சாதாரணக் கடிதக் கட்டணத்துக்கு உறையின் தடிப்பு ஐந்து மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உறவினர் இருந்தால் உண்மை இலை ஒட்டிய மடலை அனுப்பவேண்டாம். தாவரப் பொருட்களில் அங்கே மிகவும் கண்டிப்பு, எல்லையிலேயே மடலை எடுத்துவிடக்கூடும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும்கூட அதே வழியே பாதுகாப்பு: மடலை வண்ணத்தில் ஸ்கான் செய்து, தடித்த தாளில் அச்சிட்டு அனுப்புங்கள். அச்சு நகல் வேண்டிய பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று பாடசாலையிலேயே எடுத்துத் தருவோம்.

இலைகளை நவம்பர் இரண்டாம் சனிக்கிழமைக்குள் இரண்டு மட்டைகளுக்கு நடுவில் வைத்து, இறப்பர் வளையம் போட்டு, பிள்ளையின் பெயரும் வகுப்பும் எழுதி வகுப்பாசிரியரிடம் சேர்ப்பியுங்கள். ஒவ்வொரு இலையும் எந்த மரத்தினது, எங்கே பொறுக்கியது என்று பிள்ளையே தமிழில் எழுதிய சிறு துண்டு உடன் இருக்கட்டும். ஒட்டுப்புத்தகத்தில் இலைக்குக் கீழே அதைத்தான் ஒட்டுவோம். தாள், பசை, தூரிகை, படவுறை எல்லாம் பாடசாலை தரும். டிசம்பர் வகுப்புகளில் உதவ ஒரு வகுப்புக்கு இரண்டு பெற்றோர் தேவை. வரமுடிந்தவர்கள் அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்